போணி மெயில்

முதலாளி தேவநாதன் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, பூர்ணிமாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது. நெற்றியில் விபூதி ஈரம் காய்ந்திருக்காது. வாயில் மெதுவடை அரைபட்டுக்கொண்டிருக்கும். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, எண்ணெய் விரலை மானிட்டரில் அழுத்தி, "போணி என்னா வந்திருக்குது, காட்டு" என்பார். வடைத் துணுக்கு ஒன்று கீபோர்டில் விழும். விரல் பட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு நிற்கும். பீங்கான் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற அந்தச் செராமிக் எஸ்டேட்டில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு மண்தூசி படிந்திருக்கும். அதோடு எண்ணெய் சேர்ந்தால் துடைக்கத் துடைக்க அகலமாகிக்கொண்டே போகும், ஊர்வம்பு மாதிரி. பூர்ணிமா தினமும் துடைத்தாள். தினமும் குமட்டியது. சம்பளம் வாங்குகிற இடத்தில் குமட்டலை விழுங்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; தானாகவே வந்துவிட்டது.

கம்பெனி செய்வது பீங்கான் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும். சேலம், மதுரை, பாலக்காடு என்று கரண்டு சாமான் கடைகளுக்கெல்லாம் போகிறது. மண்ணைக் குழைப்பவர்களையும் சூளையில் வேகவைப்பவர்களையும் அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெயிலுக்கு அடியில் வருகிற 'அன்புடன், பூர்ணிமா' என்ற வரிதான். சரக்கு உடைந்து போனால் அவளுக்குத்தான் எழுதுவார்கள். மகள் கல்யாணத்துக்கும் அவளுக்குத்தான் பத்திரிகை அனுப்புவார்கள்.

தேவநாதனுக்குப் போணி என்பது வியாபார வழக்கம் அல்ல, மதம். அவருடைய அப்பா மார்க்கெட் கமிட்டி வாசலில் நிலக்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, யாவாரம் பண்ணியவர். காலையில் முதலில் வருகிறவன் பாதி விலைக்குக் கேட்டாலும் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் அன்று பொழுது சாய்கிறவரை மூதேவி கல்லாவில் குந்திக்கொள்வாள். அப்பா செத்தார், மல்லாட்டை போய் பீங்கான் வந்தது, தராசு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மூதேவி மட்டும் குந்திய இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. காலையில் முதலாவதாக எந்த மெயில் வந்தாலும் அதைத் திறக்க வேண்டும், ஒட்டிக்கொண்டு வந்ததையும் திறக்க வேண்டும், பதில் போட வேண்டும். ஒருநாள் தலைமுடி வளர்க்கிற தைலக் கம்பெனியின் விளம்பரம் முதலில் வந்துவிட்டது. 'தங்கள் சரக்கில் ஆர்வம் உள்ளது, சாம்பிள் அனுப்பவும்' என்று பூர்ணிமா டைப் அடிக்க, வழுக்கையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றார் மனிதர்.

விளம்பரத்தோடு நின்றால் பரவாயில்லை. போன வருஷம் பக்கத்துக் கம்பெனியில் யாரோ அனுப்பிய பில்லைத் திறந்து, மொத்தக் கணக்கும் பூட்டிக்கொண்டு, அந்த முதலாளி எஸ்டேட் ரோட்டில் கைலியோடு உட்கார்ந்து அழுததைப் பூர்ணிமா பார்த்திருக்கிறாள். மறுநாளே சர்வீஸ்காரரை வரவழைத்து மெயில் புரோகிராமுக்குக் காவல் போட்டாள். பில், போட்டோ, கொட்டேஷன் எல்லாம் உள்ளே வரலாம். கிளிக் செய்த மாத்திரத்தில் தானே எழுந்து ஓடுகிற ரகக் கோப்புகள் வாசலோடு சரி. பெயரெல்லாம் பில் மாதிரித்தான் இருக்கும். பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து ஒரு வால் இருக்கும், அதில்தான் குலம் கோத்திரம் தெரியும். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், வாலைத் தூக்கியும் பார்ப்பான். மூன்றையும் பார்த்து வளர்ந்த தேவநாதனுக்குக் கம்ப்யூட்டரில் வந்தால் மட்டும் எல்லாம் காமதேனு.

அன்று முதலாவதாக வந்தது துபாய் மெயில். அவசரமாக இன்சுலேட்டர் தேவை, விவரம் இணைப்பில் இருக்கிறது, உடனே பார்க்கவும். கீழே கையெழுத்துப் போட்டவன் தன் பெயரையே இரண்டு விதமாக எழுதியிருந்தான். இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில், பாதுகாப்பில்லாத கோப்பு என்பதால் தடுக்கப்பட்டது என்று ஒரு மஞ்சள் பட்டை.

"இது என்னா மஞ்சளா?" என்றார் தேவநாதன்.

"தடுத்திருக்குது சார். இது ஆர்டர் இல்ல. தொறந்தா உள்ள பூந்துக்கும்."

"துபாய்க்காரன்மா!"

"துபாய்ல இருந்து வந்துச்சான்னே தெரியாது சார். எவன் வேணாலும் துபாய்ன்னு எழுதலாம். நீங்களும் எழுதலாம்."

"போணிய வாசல்ல நிக்க வெச்சிட்டு நீ என்னாம்மா வாலாட்டம் பேசற?" என்று சொல்லிவிட்டு, தன் மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் தமிழ்ச்செல்வன் ஜங்ஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். உடைந்த கண்ணாடி மாற்றத் தெரிந்த தகுதியில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் டாக்டர். வாய் நிறையப் பாக்கோடு வந்தான். வந்தவன் பூர்ணிமாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். எழுந்திரு என்று அர்த்தம். அவள் எழுந்தாள். அவள் சூடு ஆறாத நாற்காலியில் அவன் உட்கார்ந்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது. சாம்பிளுக்கு வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் கப்பை இழுத்து, அதில் சிவப்பாகத் துப்பினான்.

"மேடம்தான் பூட்டு போட்டீங்களா? யாவாரம் நடக்கற எடத்துல பூட்டு போடலாமா மேடம்? ஜெயிலா இது?"

"நல்லா கேளுடா" என்றார் தேவநாதன்.

என்னென்னவோ பெட்டிகளைத் திறந்து, எதையோ அழித்து, மூடித் திறந்தான். மஞ்சள் பட்டை போய்விட்டது. வைரஸ் தடுக்கிற புரோகிராம் மூலையிலிருந்து சிவப்பாகக் கத்தியது. அதன் வாயையும் அடைத்தான். பிறகு கிளிக் செய்தான். கறுப்பாக ஒரு ஜன்னல் கண்ணடித்தது போல வந்து போனது. அவ்வளவுதான். ஆர்டரும் இல்லை, துபாயும் இல்லை.

"பைலு கெட்டுப்போயிருக்குது மாமா. திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

"பாத்தியா?" என்றார் தேவநாதன் பூர்ணிமாவிடம். "பூந்துக்கும் பூந்துக்கும்ன்னியே, என்னா பூந்துச்சு? எலியா, பெருச்சாளியா?"

இருவரும் சிரித்தார்கள். மச்சினன் போன பிறகு அவள்தான் அந்தக் கப்பைக் குழாயடிக்குக் கொண்டுபோய், விரல் படாமல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள். கிளேஸ் போட்ட பீங்கானில் எதுவும் ஒட்டாது என்று கடைக்காரர்களுக்கு அவளே எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். கறை போய்விட்டது. ஆனாலும் கப்பைச் சாம்பிள் அலமாரியில் வைக்க மனம் வராமல் உடைசல் குவியலில் எறிந்துவிட்டு வந்தாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. தேவநாதன் அதைச் சொல்லிச் சொல்லி, சூளைக்காரரிலிருந்து டீக்காரர் வரை சிரிக்க வைத்தார். அப்புறம் சேலத்திலிருந்து அர்ச்சுனன் கூப்பிட்டார். கம்பெனியின் பெரிய வாடிக்கை. வழக்கமாகப் 'பூர்ணிமாம்மா, சாப்பிட்டாச்சா?' என்று தொடங்குகிறவர்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்னாங்கண்ணா?"

"பில்லுன்னு ஒண்ணு அனுப்பிச்சீங்களே. தொறந்தேன். கடைக் கம்ப்யூட்டர் மொத்தமும் பூட்டிக்கிச்சு. உங்க பேரப் பாத்துத்தான் தொறந்தேன். வேற எவன் அனுப்பியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்."

அவள் அப்படி எதுவும் அனுப்பவில்லை. அவர் அதைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பினார். பார்த்தாள். பொங்கலுக்கு முன்பு அவருக்குச் சரக்கு ஏற்றிய விவரம் சொல்லி அவளே எழுதிய மெயில்; அவளுடைய சொற்கள், அவளுடைய பொங்கல் வாழ்த்து. அதற்கு மேலே ஒட்டினாற்போல, 'பில் இணைத்துள்ளேன், பார்க்கவும்' என்று ஒரு வரி. அடியில் 'அன்புடன், பூர்ணிமா.' கொடியில் காயப்போட்ட தன் புடவையை எவனோ கட்டிக்கொண்டு, தன் நடையை நடந்து, தெருத்தெருவாகப் போய் வந்ததைப் பார்த்தது போல உடம்பு கூசியது. பின்னாலேயே மதுரை கூப்பிட்டது. பாலக்காடு கூப்பிட்டது. ஒருவர் கத்தினார். ஒருவர் மிக மரியாதையாக, "இனிமே உங்க அட்ரஸ்ல இருந்து எது வந்தாலும் குப்பைக்குப் போற மாதிரி வெச்சிட்டோம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். கத்தியவர் எவ்வளவோ தேவலை.

சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார். மேஜையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி படாமல் சதுரமாகத் தெரிந்தது. தேவநாதன் டீ சொன்னார், அவளுக்கும் சேர்த்து. அவர் அவளுக்கு டீ சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, எல்லாருக்கும் ஒரு வார்த்த சொல்லிடணும்" என்று எதிரில் உட்கார்ந்தார். "நீதான் தெரியாம தொறந்துட்டன்னு சொல்லிடு. ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டான். பொம்பள புள்ள, பாவம்னு வுட்டுடுவான். நான் தொறந்தேன்னு தெரிஞ்சா மார்க்கெட்ல ஒருத்தன் மதிப்பானா?"

"நான் தொறக்கலயே சார்."

"சரி, ஒனக்கும் வாணாம் எனக்கும் வாணாம். 'ஆபீஸ்ல தொறந்துட்டாங்க'ன்னு சொல்லு."

"ஆபீஸ்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

"'எங்களையும் மீறி நடந்துபோச்சு'ன்னு சொல்லேன். அதுல யாரு பேரும் வர்ல பாரு."

மல்லாட்டை மூட்டைக்கு விலை இறக்குகிற அதே குரல். கொஞ்சம் இறங்கி வந்து, முகத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் இறங்கி. பொய்யில் அவளுக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று பங்கு பிரித்து முடித்தால் அவருக்கு அது நியாயமான பேரம். அவள் யோசிக்கத்தான் செய்தாள். இந்த வேலை போனால் எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனிக்குத்தான் போக வேண்டும். இங்கே ஒரு கம்பெனியில் தும்மினால் அடுத்த கம்பெனியில் கைக்குட்டை எடுப்பார்கள். 'அந்தப் பைலைத் தொறந்த பொண்ணு' என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். திறக்கவில்லை என்று சொன்னாலும் 'மொதலாளியைக் காட்டிக் கொடுத்தவ.' சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ்சில் வீட்டுக்குப் போகும்போது யோசிக்க வேண்டியதை இப்போதே யோசிக்கச் சொல்கிறார் மனிதர்.

அவள் பேசாததைப் பேரம் படிந்ததாக எடுத்துக்கொண்ட தேவநாதனுக்குக் குரலில் தெம்பு வந்தது. "எவன் அனுப்பினானோ அவன சும்மா வுடக்கூடாது. மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிடறேன், சாமியே வெசாரிக்கட்டும். கை வெளங்காம போவட்டும். நீதான் நல்லா எழுதுவியே, நடந்தத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

பூர்ணிமா ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க சார். யாரு தொறந்தான்னு எழுதறது?"

தேவநாதன் வாயைத் திறந்தார். கொளஞ்சியப்பரிடம் பொய்ப் பிராது கட்டியவன் கதைகள் அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. எல்லாக் கதையிலும் கட்டியவனுக்குத்தான் கை இழுத்துக்கொள்ளும். அவருடைய வலது கை தானாகவே மேஜையிலிருந்து இறங்கி மடிக்குப் போனது. பக்கவாட்டில் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிராது அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

சாமியிடம் பொய் சொல்ல முடியாது, அர்ச்சுனனிடம் முடியும். இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு பூர்ணிமாவின் தொண்டைக்கு வந்தது. தாளைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். அர்ச்சுனனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைக்கு நடுவில் வைத்தாள்.

"அண்ணா, பூர்ணிமா பேசறேன். எங்க கம்ப்யூட்டர்ல இருந்துதான் ஒங்களுக்கு வந்துச்சு. அந்தப் பைல நான் தொறக்கலீங்க. உள்ள வராம தடுத்து வெச்சிருந்தேன். தடுப்ப எடுத்துட்டு எங்க மொதலாளி தொறக்க வெச்சாரு. வாணாம்னு ஒரு தடவ சொன்னேன். அதுக்கு மேல சொல்லல. எழுந்து நின்னுட்டேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஒயர் சுருளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"தேவநாதன் அங்க இருக்காரா?"

தேவநாதன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே அவசரமாக ஆட்டினார். இல்லை என்று சொல். உதடுகள் சத்தமில்லாமல் அதையே சொல்லின. கண்ணில் ஒரு கெஞ்சல். துபாய்க்காரனிடம்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

"இருக்காருங்கண்ணா. எதிர்லதான் ஒக்காந்திருக்காரு."

அர்ச்சுனன் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி' அவளை நம்பியதற்கா, கம்பெனியோடு வியாபாரக் கணக்கு முடிந்ததற்கா என்று போனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

தேவநாதன் கையைக் கீழே போட்டார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் டீயை இழுத்தார். ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஆடையைச் சுருட்டி எடுத்தார், பெட்டி இருந்த அந்தச் சுத்தமான சதுரத்தின் ஓரத்தில் தேய்த்துவிட்டார், ஒரே மடக்கில் டீயைக் குடித்தார், எழுந்து சூளைப் பக்கம் போனார். மேஜையில் ஆடை மட்டும் பழுப்பாகச் சுருங்கி, மின்விசிறிக் காற்றுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. பூர்ணிமா துடைக்கிற துணியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுருக்கத்தின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து காலைத் தேய்ப்பதைப் பார்த்தபடி இருந்தாள்.