கராச்சி மேட்ச் அன்று ஒரு பத்தாயிரம் வாலா

கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு ஒன்பது ரன் வேண்டியிருந்ததா, பத்தா என்பதில் எனக்கு உறுதியில்லை. கராச்சியில் நடந்த மேட்ச், 2004 மார்ச், சனிக்கிழமை. அதுவரை சரி. மற்றதில் எது பார்த்தது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அந்தத் தெருவே அதைப் பலவிதமாகச் சொல்லிவிட்டது.

சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருந்த தெரு அது. தனுஷ்கோடி அண்ணாச்சி தன் ஆபீஸ் டிவியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். எதிரே லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை, அப்துல் குத்தூஸுடையது. முந்தின வருடம் உலகக் கோப்பையில் இதே இரண்டு நாடுகளும் மோதியபோது அவர் காய்ச்சலில் வீட்டோடு படுத்துவிட்டார். "பாய் எந்தப் பக்கம்னே தெரியலையே" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது தெருவெல்லாம் சுற்றி, டிரைவர்கள் கொஞ்ச காலம் அவர் கடையைத் தாண்டிப் போய்த் தார்ப்பாய் வாங்கினார்கள். இந்த முறையும் வராமலிருந்தால் கடையை மூடவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி ஷரீஃபுன்னிசா. "எல்லாருக்கும் முன்னாடி கைதட்டிராதீக. எல்லாரும் நிறுத்துன பெறகும் தட்டாதீக."

அதனால் குத்தூஸ் பந்தைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தார். ஒருமுறை பாகிஸ்தான்காரன் அழகாக ஒன்று அடித்தபோது அவர் கை தானாக எழுந்தது. அதைக் கழுத்தைச் சொறியக் கொண்டுபோனார்.

டிவியில் கராச்சி ஜனங்கள் இந்திய ஆட்டக்காரருக்குக் கைதட்டுவதைக் காட்டினார்கள்.

"பாத்தீகளா பாய்?" என்றான் புக்கிங் கிளார்க் ஒச்சப்பன். "உங்க ஆளுக நமக்குக் கைதட்டுறாக!"

எல்லோரும் சிரித்தார்கள். குத்தூஸும் சிரித்தார். சிரித்த வாயை எப்போது மூடுவது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

கடைசி ஓவர் தொடங்குமுன் ஒச்சப்பன் ஒரு பத்தாயிரம் வாலாச் சரத்தைத் தெருவின் குறுக்கே விரித்துப் போட்டான். அதே சமயம் தாயில்பட்டியிலிருந்து லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. கேரளத் திருவிழா ஆர்டர், முழுக்க வெடி. டிரைவர் கருப்பணன் குதித்திறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தவர் குத்தூஸ் மட்டும்தான். சரத்தின் வால் லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

கடைசிப் பந்து. சிக்ஸர் போனால் பாகிஸ்தான். பந்து மேலே எழும்பியது, கேட்ச். தெருவே எழுந்து ஆடியது. குத்தூஸ் சரியான நேரத்தில் கைதட்டினார்.

"ஏலே, பாய் கையால பத்தவைக்கட்டும்லே!" என்றார் தனுஷ்கோடி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒச்சப்பன் புகையும் ஊதுவத்தியைக் குத்தூஸ் கையில் கொடுத்தான். ஒரு வருடப் பேச்சை அணைக்க அந்த ஒரு பொறி போதும்.

"அண்ணாச்சி, லாரி நிக்குது" என்றார் குத்தூஸ். "லோடோட நிக்குது."

"தார்ப்பாய் போட்டிருக்குல்ல? நீங்க வித்ததுதானே?"

"நான் வித்ததுனாலதான் சொல்லுதேன். வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

வெடியோடு பிறந்து வளர்ந்த ஊர். சரம் வெடித்து லாரி எரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் அந்த நிமிடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். குத்தூஸ் ஊதுவத்தியைத் தேநீர் கிளாஸில் முக்கினார்.

சத்தம் அடங்கியது.

"தோத்துப்போச்சுன்னு வருத்தமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒச்சப்பன் தீக்குச்சியை உரசினான். குத்தூஸ் ஓடிப்போய்ச் சரத்தை வாரிச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இப்போது பத்தவைத்தால் அவர்மேல்தான் பத்தவைக்க வேண்டும். ஒச்சப்பன் அவருக்கு முன்னால் நின்றான். குச்சி எரிந்துகொண்டே வந்தது. அவன் விரல் வரை வந்து சுட்ட பிறகுதான் உதறிப்போட்டான்.

"கருப்பணா, வண்டியை எடு" என்றார் தனுஷ்கோடி, யாரையும் பார்க்காமல்.

லாரி தெருமுனையைத் தாண்டி மறைந்தது. குத்தூஸ் சரத்தைக் கீழே விரித்து, தானே பத்தவைத்தார். முழுவதும் வெடித்தது. ஆடுவதற்கு ஆள் இல்லை, பாதிப்பேர் போயிருந்தார்கள்.

மறுநாள் தெருவில் லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தியா ஜெயித்தபோது பாய் வெடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார், அவ்வளவுதான் கதை. தனுஷ்கோடி அதை மறுக்கவுமில்லை, சொல்லவுமில்லை.

அவர் பிறகு ஆபீஸை மகன் தருண்குமாரிடம் விட்டுவிட்டார். ஒச்சப்பன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசரானான். கருப்பணன் கேரளா லைனிலேயே ஓடிக்கொண்டிருந்தான். அப்துல் குத்தூஸும் ஷரீஃபுன்னிசாவும் அந்த வருடத் தீபாவளி சீசனுக்கு முன்பே கடையைக் காலிசெய்து விருதுநகருக்குக் குடிபோனார்கள்.