ஒரு விரற்கடை மினுக்கம்

1

சைக்கிள் கடை யோகேஸ்வரன் வேகவேகமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். பொலிஸ் ஜீப் கொட்டகலையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்து இரண்டு நிமிடம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கார்பன் ரிம்மின் ஓரத்தில் அழுத்தி இழுத்தான். பின்சக்கரம் முடிந்தது. முன்சக்கரத்தில் பாதி. துணியை முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

(என்ன வாசனை என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்ல மாட்டேன். முப்பது வருடம் வாரப் பத்திரிகையில் தொடர் எழுதியவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.)

2

கதை கிடைத்தது ஹட்டன் பஸ்ஸில். பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது ஒரே வரி: "செத்த பொண்ணோட சைக்கிள ஒருத்தன் ஒக்காந்து தொடச்சிக்கிட்டிருந்தாங்க." மீதியெல்லாம் என் கைவேலை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய சரிவில் மரணம் காத்திருந்

அடித்துவிட்டேன். மரணம் காத்திருக்கவெல்லாம் இல்லை. நிலக்ஷிக்குப் பத்தொன்பது வயது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை ஏறித் திரும்பும் சைக்கிள் போட்டி. ஏற்றத்தில் அவள்தான் முதல் ஆள். பிரேக்குக்கு முதல் வேலை இறக்கத்தில். மூன்றாவது வளைவில் அது பிடிக்கவில்லை. நேற்றுக் காலை.

3

[குறிப்பு. தாண்டிப் போகாதீர்கள். கார்பன் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் வளையம் வறண்டு, மங்கலாக இருக்க வேண்டும். ஸ்பிரிட்டும் மெல்லிய துணியும் போதும். எண்ணெய் பட்டு மினுங்கினால் ஆபத்து, கட்டை வழுக்கும். போட்டிக்கு முதல்நாள் யோகேஸ்வரன் அப்படித்தான் துடைத்தான். கட்டையில் ஒட்டிய மணலை ஊசியால் கிளறி எடுத்தான். சைக்கிளை நிலக்ஷியின் தோட்டத்து லயத்து வீட்டில் கொண்டுபோய் விட்டான்.]

இன்று சாவு வீட்டில், நிலக்ஷியின் மாமன் வீரய்யா அவன் சட்டையைப் பிடித்தார்.

"நீதானடா பிரேக் பாத்த? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நாந்தாங்க பாத்தேன்."

"அப்ப எப்படிறா புடிக்காம போச்சு?"

நிலக்ஷியின் அம்மா நாகலெட்சுமிதான் அந்தக் கையை விலக்கினாள்.

"விடுங்கண்ணே. அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. புள்ள கெளம்புறப்ப வீலு கண்ணாடி மாதிரி மினுங்குச்சு."

யோகேஸ்வரன் தலை நிமிர்ந்தான். பிறகு யாரிடமும் சொல்லாமல் கடைக்கு ஓடினான். நொறுங்கிய சைக்கிள் அங்கேதான் கிடந்தது. நாங்கள் வரும்வரை தொடாதே என்று பொலிஸ் சொல்லியிருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது. தன் தப்பை மறைக்கிறவன் என்று எழுதிப் பார்த்தேன். ஜீப் வருகிறது, விலங்கு மாட்டுகிறார்கள், முற்றும். வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் தப்பை மறைக்கிறவன் அழுக்குத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், ஸ்பிரிட் என்று நினைவு வந்து கையை இறக்க மாட்டான். அந்தக் காட்சியை நான் திட்டமிடவில்லை. கை தானாக எழுதியது.

துடைத்து முடித்தால் ரிம்மில் எதுவும் இருக்காது. ஏன் துடைத்தாய் என்ற கேள்விதான் இருக்கும். உண்மையை அவன் சொல்ல மாட்டான், சிறைதான். துடைக்காமல் விட்டால் அவன் தப்பிப்பான். ஆனால் இந்த எண்ணெயைப் பூசியது யார் என்று பொலிஸ் லயத்துக்குப் போய்க் கேட்கும்.

5

ஜீப் கடை வாசலில் நின்றுவிட்டது. ரிம்மில் ஒரு விரற்கடை மினுக்கம் மிச்சம். கையில் துணி. துடைப்பானா, விடுவானா? மூன்று முடிவு எழுதினேன், மூன்றிலும் யாரோ ஒருவர் அழிந்துபோ

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசனையைச் சொல்லாமல் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சந்தனம். கூடவே விளக்குக்கு ஊற்றும் தேங்காயெண்ணெய்.

நேற்று விடியும்போது, மகள் தண்ணீர் விழும் பீலியடிக்கு முகம் கழுவப் போன நேரத்தில், நாகலெட்சுமி சாமி கும்பிட்டு இரண்டு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தாள். கழுவியும் இப்படி மங்கிக் கிடக்கிறதே என்று விளக்கிலிருந்து எண்ணெய் தொட்டு, ரிம் முழுக்கச் சேலைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பிள்ளை ஜெயித்து வந்தால் போட்டோவில் சைக்கிள் புதுசாகத் தெரியட்டும் என்றுதான் செய்தாள்.