பெட்டியிலிருந்து எடுத்தபடியே

கணவரின் முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை நோபுகோ தூக்கிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் திரும்பவும் மூடினாள்.

“நல்லா வந்திருக்கு இல்லீங்களாம்மா?” என்றாள், உடம்பைக் கழுவி ஒப்பனை செய்ய வந்திருந்த பெண். சின்னப் பெண். பிரஷ்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். “ஐயா முகத்துல ஒரே கரும்புள்ளி. எல்லாத்தையும் மறைச்சிட்டேன். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காரு பாருங்க.”

“ரொம்ப நன்றிம்மா. உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம்.” நோபுகோ தரையில் கை ஊன்றிக் குனிந்தாள். வாசலுக்குப் போய், அந்தப் பெண்ணின் கார் தெருமுனை திரும்பும்வரை குனிந்தே நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கோயிலுக்கு ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் யாரைக் கேட்டு இப்படிப் பூசி மெழுகினாள்? சரி, அவள்தான் பூசினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நன்றி நன்றி என்று குனிந்தது யார்? அதை நினைக்க நினைக்க இன்னும் எரிந்தது.

மத்தியானம் சிஹோ வந்துவிடுவாள். சப்போரோவில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். இந்தப் பக்கம் வந்தே பல வருஷமாகிறது. நேற்று போனில் அழுதுகொண்டே சொன்னது ஒன்றுதான்: “அம்மா, நான் வர்றதுக்குள்ள பெட்டியில வச்சு மூடிடாதீங்க. அப்பா மூஞ்சிய நான் பாக்கணும்.” வந்து பார்ப்பாள். எதைப் பார்ப்பாள்? படுக்கையில் கிடப்பது வங்கி விளம்பரத்தில் சிரிக்கிற யாரோ ஒரு ஆள். ஷிமிஸுவில் நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய தெய்ஜி அல்ல.

இந்த மனுஷன் எதைத்தான் ஒழுங்காகச் செய்தார், சாவை ஒழுங்காகச் செய்வதற்கு? நேற்று மத்தியானம் நூடுல்ஸை வைத்துக்கொண்டு அவள் அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். “ஊறிப்போகுது, வர்றீங்களா இல்லையா?” பதில் இல்லை. “காது என்ன செவிடா? அந்தப் பிளாஸ்டிக்கையே கரைச்சுக் குடிங்க!” என்று திட்டிவிட்டு, தன் கிண்ணத்தை எடுத்து வைத்துச் சாப்பிட்டும் முடித்தாள். கூப்பிட்டால் வருகிற ஜென்மமா அது என்றுதான் நினைத்தாள். போய்ப் பார்த்தபோது மேசைமேல் சாய்ந்திருந்தார். இதயம் என்றார் டாக்டர். அவள் திட்டியது ஒன்றுகூட அவர் காதில் விழுந்திருக்காது என்று ஆறுதல்வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மேசைமேல் அவர் செய்துகொண்டிருந்த பிளாஸ்டிக் மாதிரி விமானம் அப்படியே இருந்தது. கப்பலின் தளத்திலிருந்து கிளம்புகிற போர் விமானம், எஃப்-14, முழங்கை நீளம். இளவயதில் அட்சுகி விமானத்தளத்து வேலியில் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். ஒட்டுவதற்கு ஒரு வருஷம். இறக்கையில் ஒரு கோடு சரியில்லை என்று சுரண்டி, திரும்பவும் ஒட்டி, விமானியின் இருக்கைக்கு வார்கூடத் தைத்து, சாம்பல் நிறம் அடித்து முடித்தபோது கடையில் வாங்கியதுபோல மினுமினுப்பாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அங்கேதான் வேலையே ஆரம்பம் என்பார். கடல் உப்பு அரித்த இடம், அதை மறைக்க மாலுமிகள் கைக்குக் கிடைத்த சாம்பல் நிறப் பெயிண்டைத் திட்டுத்திட்டாகப் பூசிய இடம், எண்ணெய் ஒழுகிய கோடு, ஏறி நடந்த பூட்ஸ் தடம். ஒவ்வொன்றாக அழுக்காக்குவார். வீட்டில் ஒருத்தி துடைத்துத் துடைத்துச் சாகிறாள், அந்தப் பக்கம் ஒருத்தர் புதுச் சாமானை உட்கார்ந்து அழுக்காக்குகிறார். நேற்று வலது இறக்கை முடிந்திருந்தது, இடது சுத்தமாக இருந்தது.

பத்தி கொளுத்த முதலில் வந்தவர்கள் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர்தான். மொச்சிசுகி, ஓய்வுபெற்ற தபால்காரர், ஒல்லி. இனாபா, துறைமுகத்துச் சூரைமீன் குளிர்கிடங்கில் இருந்தவர், மூச்சு வாங்குகிற உடம்பு. ஞாயிறுதோறும் இங்கே வந்து விமானத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எது சரியான சாம்பல் நிறம் என்று சண்டை போடுகிறவர்கள். மணியடித்துக் கும்பிட்டார்கள். துணியை விலக்கிப் பார்த்தார்கள்.

“என்னய்யா இது,” என்று இனாபா குசுகுசுத்தார். “பெட்டியிலேர்ந்து எடுத்தபடியே இருக்கான்.”

மொச்சிசுகி அவர் தொடையில் கிள்ளினார். பெட்டியைப் பிரித்து, எந்த நுணுக்க வேலையும் செய்யாமல் ஒட்டிவைத்த விமானத்தைத்தான் அவர்கள் அப்படிக் கேவலமாகச் சொல்வார்கள். நோபுகோவுக்கு அது தெரியாதா?

“கிள்ளாதீங்க மொச்சிசுகி சான். அவர் சொன்னது சரிதான்,” என்றாள். “உங்க நிறப்பொடி, பிரஷ் எல்லாம் அந்த அறையிலதான் இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“சரி பண்றதுக்கு. சிஹோ வர்றதுக்குள்ள எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்.”

“ஐயய்யோ! நோபுகோ சான், நாங்க பிளாஸ்டிக்குக்குப் பூசுறவங்க. மனுஷனுக்கு…”

“ஆயுசு பூரா என் வீட்டுல உக்காந்து, என் டீயைக் குடிச்சுக்கிட்டு, புதுசை எல்லாம் பழசாக்குனீங்களே. இன்னைக்கு ஒருநாள் உருப்படியா எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுக்கக் கூடாதா?”

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். பொடி டப்பாக்களோடு வந்து படுக்கையின் இரு பக்கமும் மண்டியிட்டார்கள். உட்கார்ந்தவுடனே ஆரம்பித்துவிட்டது.

“போட்டோ வேணுமே. பாக்காம எப்படி?”

ஆல்பத்தில் எங்கே பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் ஒரு விமானத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். சடங்குக்கு வைத்திருந்த படத்தையோ படக்கடைக்காரன் தன் பங்குக்கு வெளுத்துவிட்டிருந்தான்.

“பஸ் ஓட்டுனவன். வெயில் வலது ஜன்னல்லதான் அடிக்கும். புள்ளியெல்லாம் வலது பக்கம்தான் இருக்கணும்,” என்றார் மொச்சிசுகி. “துரு நிறத்தை எடு.”

“துருவா? உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இது புகை நிறம்.”

“புகையை வச்சா தீயில வெந்த மாதிரி இருக்கும்யா!”

“எழவு வீட்டுலயும் நிறச் சண்டையா!” என்று நோபுகோ கத்தினாள். “ரெண்டையும் கலங்க. அந்தப் பக்கம் பெருசா மூணு. கண்ணுக்குக் கீழ, இன்னும் கீழ. அங்கதான். ஓரம் கோடு மாதிரி தெரியக் கூடாது. இந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு.”

“இடது பக்கம் வெயிலே படாதே. ஏன் புள்ளி வரணும்?”

“ஏன் வந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? இருக்கு. நான் படுக்கிற பக்கம்.”

மொச்சிசுகி தலையைக் குனிந்துகொண்டு, பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தார். இனாபா மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றிச் சுருக்கங்களில் பொடியை இறக்கினார். நோபுகோ மேலே, கீழே, கொஞ்சம் கம்மி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த முகத்தில் அவர் வந்துவிட்டார்.

“கூப்பிட்டா வரமாட்டீங்களா?” என்றாள் அவரைப் பார்த்து. “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?” இரண்டு கிழவர்களும் பக்கத்தில் இருப்பதை மறந்து, வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து அப்போதுதான் அழுகை வந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது இனாபா இன்னும் குனிந்திருந்தார். இடது காதோரம் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன அது?”

“சாம்பல் நிறம்,” என்றார் இனாபா, குற்றவாளிபோல. “பிரஷ்ஷும் கையுமா காதைச் சொறிவான். எப்பவும் இங்க ஒரு திட்டு ஒட்டியிருக்கும். அது இல்லாம என்னவோ மாதிரி இருந்துச்சு.”

“யாரு உங்களைக் கேட்டா? போதும்னா போதும்னு நிறுத்தத் தெரியாதா உங்க ஜாதிக்கே?” அவள் பிரஷைப் பிடுங்கினாள். எத்தனை தலையணை உறையை அந்தத் திட்டுக்காகத் தேய்த்திருப்பாள்! எத்தனை கல்யாண வீட்டு வாசலில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டிருப்பாள்! பாத்திரத்தில் இருந்த சுடுநீரில் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

வாசல் கதவு நகர்ந்து திறந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சிஹோ உள்ளே ஓடிவந்தாள். அப்பாவின் தலைமாட்டில் விழுந்து உட்கார்ந்தாள். நோபுகோ துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

சிஹோ வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தாள்.

“என்னம்மா நீங்க. காதுல பெயிண்டு ஒட்டியிருக்கு பாருங்க. இன்னைக்குக்கூடத் தொடச்சு விடலையா?”

துண்டிலிருந்து வெந்நீர் நோபுகோவின் குதிகாலில் சொட்டியது.

“தொடச்சேன்டி,” என்றாள். “போகல.”