சொல்பேச்சு கேட்காத குதிரை

பிஸ்கட் என்ற அந்த மூன்று வயதுக் குதிரையிடம் கெட்ட குணம் ஒன்றுமே இல்லை. கடிக்காது, உதைக்காது. வெளியே சவாரிக்குக் கொண்டுபோனால் மட்டும் வழியில் நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். செமோர் ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் நான்கு குதிரைகளை வைத்துச் சவாரி சொல்லிக்கொடுக்கும் ஆம்புரோசுக்கு, நிற்கிற குதிரை எதற்கு? அதற்குச் சிமெண்டில் ஒன்று செய்து வைத்தால் தீனிச் செலவாவது மிச்சம்.

அதை வளர்த்துப் பழக்கிய வெள்ளைக்காரர் ஊரோடு போகும்போது ஆம்புரோசிடம் விட்டுப் போனார். ரொம்பச் சொல்பேச்சு கேட்கும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் விமானம் ஏறிவிட்டார், இனி யாரைப் போய்க் கேட்பது?

லாயத்தில் வேலை பார்க்கும் புஷ்பலதாவுக்கோ பிஸ்கட் என்றால் உயிர். பதினோரு வருஷமாக எத்தனையோ குதிரைகளுக்குச் சாணி அள்ளியிருக்கிறாள். ஒன்றாவது அவளைத் திரும்பிப் பார்த்ததுண்டா? பிஸ்கட் வந்த மூன்றாம் நாளே அவள் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அத்தோடு அவள் ஒழிந்தாள்.

இளங்குதிரை, காட்டுப் பாதை புதிது. செம்பனை மட்டை ஒன்று அசைந்தாலும் தயங்கும். உடனே மேலே உட்கார்ந்திருக்கும் புஷ்பலதா அதன் கழுத்தைத் தடவி, "வா கண்ணு, வாடா ராஜா, வா வா" என்பாள். அதுவரை தயங்கிய குதிரை அப்படியே தூணாகிவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே கூத்து.

"அடுத்த ஞாயித்துக்கெழமதான் கடைசி," என்றார் ஆம்புரோஸ். "தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோர் வரைக்கும் போயிட்டுத் திரும்பலன்னா, சித்தியவான்ல இருக்குற நம்ம பத்துமலைகிட்ட குடுத்துருவேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அங்க பட்டாசு வெடிப்பாங்கண்ணே! பயந்து செத்துரும்லா!"

"பழகிக்கும்."

கடைசி ஞாயிறும் வந்தது. கால்வாய்ப் பலகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிஸ்கட் தயங்கியது. புஷ்பலதா "வா கண்ணு" என்றாள். நின்றுவிட்டது. அரை மணி நேரம் கெஞ்சினாள். உடும்பே சலித்துப் போய்க் கிளம்பிவிட்டது. குதிரை அசையவில்லை.

புஷ்பலதா பிடரியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் வீட்டில் கடைக்குக் கிளம்புகிறவனைக்கூட 'போயிட்டு வா' என்றுதான் அனுப்புவார்கள்; வெறும் 'போ' வாயில் வரக்கூடாது. அன்றைக்கு வந்துவிட்டது. "ஒனக்கு நான் என்ன கொற வெச்சேன்? போ! எங்கயாச்சும் போய்த் தொல! போ!"

பிஸ்கட் பாலத்தைக் கடந்தது.

விழப் போனவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வா வா!" என்று கத்தினாள். நின்றது. கடிவாளத்தைத் தளர்த்தினாள். பிறகு மெல்ல "போ" என்றாள். நடந்தது. "வா" என்றாள். நின்றது.

குதிரையை விட்டுப் போன அன்றைக்கு வேலியில் சாய்ந்துகொண்டு வெள்ளைக்காரர் அதை நடக்கச் சொல்ல 'கோ' என்றதும் நிற்கச் சொல்ல 'வோ' என்றதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. ஒரு மாதமாக இவள் நில் நில் என்று கெஞ்சியிருக்கிறாள். அதுவும் ஒரு தடவைகூட மீறாமல் நின்றிருக்கிறது. "என் தங்கமே" என்றாள். அந்தப் பாடத்தை அதற்கு யாரும் நடத்தவில்லை. காதை மட்டும் ஆட்டியது.

ஸ்டோர் வரைக்கும் போய், ராணி மாதிரி திரும்பினாள். வாசலில் லாரி நின்றது.

"நீ எங்க திரும்பப் போறேன்னு வரச் சொல்லிட்டேன் புஷ்பா," என்றார் ஆம்புரோஸ், தரையைப் பார்த்து. "வாக்குக் குடுத்தாச்சு."

லாரியோடு வந்திருந்த பத்துமலை கையைத் தட்டினார். "ஆஹா, என்னா நடை! ஊர்வலத்துக்குன்னே பொறந்ததுலா!"

புஷ்பலதா இறங்கிக் கயிற்றைக் கொடுத்தாள்.

பத்துமலை நல்ல மனுஷன். சாய்ந்த பலகையில் ஏறி நின்று, குரலில் தேன் ஒழுக, "வாடா ராஜா, வா" என்றார். பிஸ்கட் நின்றது. பின்னால் போய்த் தள்ளச் சொன்னார். லாரி டிரைவர் குளம்பைப் பார்த்தார், மாட்டேன் என்றார். ஆம்புரோசும் சேர்ந்துகொண்டார். "வா! வா! வாடா டேய்!" இவ்வளவு தெளிவாக, இத்தனை பேர், இத்தனை தடவை சொன்னபிறகு நல்ல குதிரை எப்படி அசையும்?

"தங்கச்சி, நீ சொன்னா கேக்கும்," என்றார் பத்துமலை. "நீ கூப்பிடு."

புஷ்பலதா அருகில் போனாள். அதன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மனசார, "வாடா கண்ணு, வா" என்றாள்.

பிஸ்கட் நின்றது.

பத்துமலை வேர்வையைத் துடைத்தார். "வேணாம்ணே. நடுரோட்டுல மாப்பிள்ளையோட நின்னுச்சுன்னா என் மானம் போயிரும்." லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"காலைல மட்டும் எப்படி நடந்துச்சு?" என்றார் ஆம்புரோஸ்.

"தெரியலயேண்ணே," என்று சொல்லிவிட்டு, புஷ்பலதா லாரிக்குக் கை காட்டினாள். "போயிட்டு வாங்கண்ணே!"

பக்கத்தில் பிஸ்கட் ஓரடி எடுத்து வைத்து, நின்றது.