திரை மூலையில் ஒரு பெயர்

ஆந்திரா தனி ராஜ்யமானதும் சித்தூர்க் கடைவீதியில் தமிழ்ப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பலகை எழுதிப் பிழைத்துவந்த ஏகாம்பரத்துக்குத் தெலுங்கு எழுத வராது. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதப் போனார். அரண்மனைக்கு எந்த பாஷையும் வேண்டாமே.

திருப்பதியில் கொட்டகை போட்டிருந்த கம்பெனிக்காக வீட்டுக் கூடத்தில் தர்பார் திரை ஒன்று தயாரானது. தூண், மாடம், மயில் எல்லாம் முடிந்த அன்று, ஏகாம்பரம் வேட்டி நுனியால் தூணைத் தேய்த்துப் பார்த்தார். நுனி நீலமாயிற்று.

"வஜ்ஜிரப் பசை கெட்டுப்போயிருக்குது. சாயம் ஒட்டல. திரைய அலசிட்டு மொதல்லேர்ந்து எழுதணும்."

கூட வேலை செய்யும் மைத்துனன் சிட்டிபாபு தலையில் கை வைத்தான். "மாமா, நாடகம் பாக்க வர்றவன் மேடை ஏறி வேட்டியால தொடச்சா பாக்கப் போறான்?"

"சுருட்டி ஏத்தறப்ப உதிரும்டா. ராஜா தலைல நீலம் கொட்டும்."

"கொட்டினா கிருஷ்ணர் வேஷம் கட்டிக்கட்டும்."

கொடிப்பூக்களுக்குச் சாயம் வைத்துக்கொண்டிருந்த சுலோசனா சிரித்துவிட்டாள். ஏகாம்பரம் பெண்டாட்டியைப் பார்த்தார். "என் பேரு போட்டு இத அனுப்ப மாட்டேன்."

நல்ல பசை வாங்கப் பங்காருபாளையம் போய்த் திரும்பியபோது கூடத்தில் திரை இல்லை.

"கம்பெனி ஆளு வந்தான். தம்பி ஏத்திக்கினு பூட்டான்," என்றாள் சுலோசனா, அடுப்பைப் பார்த்தபடியே.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ரயிலடிக்கு நடந்தார்.

திருப்பதிக் கொட்டகையில் ஒத்திகை. திரை சுருண்டு மேலேறியது. கீழே நின்ற துரியோதனன் தும்மினான். அவன் தோளெல்லாம் நீலப் பொடி.

கம்பெனி முதலாளி வரதராஜன் ஏகாம்பரத்தைக் கண்டதும் சொன்னார்: "வாய்யா. உன் அரண்மனை ஏன் ராஜா மேல இடிஞ்சு விழுது, பாரு."

"இறக்குங்க. அலசி எழுதித் தரேன்."

"டிக்கெட் வித்தாச்சு. இன்னிக்கு இதான் ஏறும்."

திரை மறுபடி இறங்கியது. அப்போதுதான் மூலையைப் பார்த்தார். அவர் பெயர், தெலுங்கில். அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே தெலுங்கு வார்த்தை அதுதான். கற்றுக்கொடுத்தவள் சுலோசனா. கடைசி எழுத்தின் வால் கொடித்தளிர் மாதிரி சுருண்டிருந்தது. பூ வைக்கும் கை அப்படித்தான் முடிக்கும்.

"யாரு எழுதினது?" தெரிந்தே கேட்டார்.

சிட்டிபாபு தரையைப் பார்த்தான். "அக்காதான். சொன்னா நீ வுடமாட்டே. தெலுங்குல பேரு இருந்தாத்தான் இங்க நாலு கம்பெனி கூப்புடும். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போவுதாம், நம்ம ஊரு நகரி ஆந்திராவுலயே நிக்குதாம். வேற எங்க போவ மாமா?"

"நீ செய்வேன்னு தெரியும்டா. அவ செய்வான்னு தெரியாது."

மூலையில் குந்தினார். வேட்டி நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். எழுத்து ஒன்றும் அடம்பிடிக்கவில்லை. வால் மட்டும் கொஞ்சம் நின்று, அதுவும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது சுலோசனா சோறு போட்டு வைத்திருந்தாள். "துன்னு," என்றாள். பிறகுதான் நீலம் படிந்த நுனியைப் பார்த்தாள். "கழட்டிக் குடு, தொவச்சுப் போடறேன்."

ஏகாம்பரம் நுனியை மடியில் செருகிக்கொண்டார்.

"வேணாம். இனிமே என் துணிய நானே தொவச்சுக்கறேன்."