பிறகு பிறந்தவள்

ரெங்கம்மா அத்தை வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட இரண்டு நாடா வேண்டும். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த பொன்னுத்துரையின் கைகளில் ஈரம் காயவில்லை. ஹார்பரில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகள். பானு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அந்தக் கைகள் அவளை ஒருநாளும் தூக்கியதில்லை.

கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பாவின் இரண்டு பையன்களையும் சுனாமி கொண்டுபோனது. பானு அதற்குப் பிறகு, ஹார்பர் பக்கத்து ஜங்லிகாட்டுக்குக் குடிவந்தபின் பிறந்தவள். சோறு போட்டார், படிக்க வைத்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அப்படிப்பட்ட மனிதர் வியாழக்கிழமை தவறாமல் தையல்கடை ராஜகுமாரி வீட்டுக்கு, நெற்றியில் திருநீறோடு, பைபிள் படிக்கப் போனார். வீட்டில் திறக்காத வாயை அங்கே என்னத்துக்குத் திறக்கிறார் என்று பானு வயிறெரிந்ததுண்டு.

வாசலில் சத்தம். ராஜகுமாரியும் கூடப் படிக்கிற மூன்று பேரும் வந்திருந்தார்கள். சித்தப்பா சிவஞானம் குறுக்கே கையை நீட்டினார்.

“பஸ், போதும், அங்கயே நில்லுங்க. ஜெபம், பாட்டு எல்லாம் பில்குல் கூடாது. எங்க அண்ணன் சாகுற வரைக்கும் முருகன் ஆளு.”

“பாட வரலண்ணே. சும்மா உக்காந்துட்டுப் போறோம்.”

“உள்ள எடமில்ல.”

நான்கு பேரும் வாசல் சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பானு நாற்காலி கொண்டுவந்தாள். ராஜகுமாரி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“உங்கப்பா சொன்னதும்மா. பைபிள்ல யோபுவோட பிள்ளைங்க எல்லாம் செத்தப்ப கூட்டாளிங்க வந்து பேசாம தரையில உக்காந்தாங்களாம். ‘அவனுங்க செஞ்சதுல அது ஒண்ணுதான் உருப்படி. அப்புறம் வாயத் தொறந்து கெடுத்துட்டானுங்க. நான் போனா நீங்களும் வந்து பொத்திக்கிட்டு உக்காருங்க’ன்னாரு.”

பானுவுக்குச் சிரிப்பு வந்தது.

“என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாராக்கா?”

ராஜகுமாரி சேற்றைப் பார்த்தாள்.

“யோபுவுக்குக் கடைசியில மறுபடி பிள்ளைங்க பொறக்கும். அந்தப் பக்கம் வந்தா எங்கள மேல போகவே விடமாட்டாரு. ‘பொறகு பொறந்த பொண்ண அந்தாளு தூக்குனானா? தூக்குறப்ப கை நடுங்கலயா? அத ஏன் எழுதல?’ம்பாரு. எங்களுக்கு என்ன தெரியும்? மறுவாரம் வந்து அதையே கேப்பாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பைபிள்ல இல்லண்ணே, வீட்ல போயி தூக்கிப் பாருங்கன்னேன். ‘அது இப்ப பெரிய பொண்ணாயிருச்சே’ன்னாரு.”

பானு நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அத்தை நாடாவோடு குனிந்திருந்தாள்.

“தள்ளுடி. வண்டி வந்திருச்சு, கையக் கட்டணும்.”

பானு அப்பாவின் வலது கையை மெல்லப் பிரித்து, அதற்குள் தன் கையை வைத்தாள். அத்தை நாடாவைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. சேற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.