கதவுக்கு வெளியே வைத்த சோறு

மாரியம்மன் கோயில் மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து நாகஜோதி கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்து அண்டாவில் பருப்பு கொதித்தது. சிறுமலை அடிவாரத்துக் குடிசைகள் எரிந்துபோனதிலிருந்து அவளுக்கு வேலை அங்கேதான். மலையில் காய்ந்துகிடந்த புல்லில் பற்றிய காட்டுத்தீ காற்றோடு கீழிறங்கி, ஒரே மத்தியானத்தில் எல்லாக் கூரைகளையும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுச்சாமி நாகஜோதியின் கணவர். "ஆத்தா புள்ளைக தெருவுல நிக்கக் கூடாது" என்று அன்றைக்கே மண்டபத்தைத் திறந்துவிட்டார். சுற்றுப்பட்டு விவசாயிகள் வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கினார்கள். சின்னாளபட்டி நெசவாளர்கள் புதுச் சேலைகள் அனுப்பினார்கள். வீடிழந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே சிமெண்ட் தரையில் நிம்மதியாகப் படுப்பதைப் பார்க்கையில் நாகஜோதிக்கு மனம் நிறைந்தது.

அப்போதுதான் கருப்பாயி வந்தாள். தீயில் செத்த ஒரே ஆள் அவளுடைய புருஷன் மொக்கைச்சாமி. கட்டிக்கிடந்த ஆடுகளை அவிழ்த்துவிட உள்ளே போனார். ஆடுகள் வெளியே ஓடிவந்தன, அவர் வரவில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு, மகள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு கருப்பாயி மண்டபத்து வாசலில் நின்றாள். பவித்ரா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

பொன்னுச்சாமி எழுந்து வாசலுக்கு வந்தார். தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதத்தா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. இது கோயில் மண்டபம். சாவுத் தீட்டோட உள்ள வந்தா ஊருக்கு ஆகாது. வெளிய வேம்படியில படுதா கட்டித் தாரோம். சோத்துக்கு ஒரு கொறையும் இருக்காது."

கருப்பாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

இரண்டு வேளையும் நாகஜோதிதான் சோறு கொண்டுபோனாள். இலையைத் தரையில் போட்டு, சோறும் வெஞ்சனமும் வைத்துவிட்டு, மேலே பட்டுவிடாமல் தள்ளி நின்றுகொள்வாள். அது அவளுக்குத் தவறாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய வழக்கம்.

மூன்றாம் நாள் மாலை பவித்ரா தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள்.

"அத்தை, பாத்ரூம் மட்டும் உள்ள போயிட்டு வந்துரட்டுமா? வெளிய ஆம்பளைக நடமாட்டமா இருக்கு."

நாகஜோதி உள்ளே திரும்பிப் பார்த்தாள். கமிட்டி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்த பொறுத்துக்க தாயி. விடியக்காலம் ஆள் நடமாட்டம் இருக்காது. பின்னால கருவேலங்காட்டுப் பக்கம் போயிட்டு வந்துரு."

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில் அவள் கருவேலங்காட்டுக்குப் போனாள். நெடுநேரமாகியும் திரும்பவில்லை. தேடிப் போன கருப்பாயி போட்ட அலறலில் மண்டபமே எழுந்து ஓடியது. முள்ளுக்கு நடுவே பவித்ரா மயங்கிக் கிடந்தாள். கணுக்காலில் பல் பதிந்திருந்தது. மலை எரிந்ததில் பொந்தை விட்டுத் தரைக்கு இறங்கிவந்த கண்ணாடிவிரியன். பொன்னுச்சாமியே அவளைத் தூக்கிப் பூ ஏற்றும் வேனில் கிடத்தினார். அப்போது தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் சாயங்காலம் வரை போராடினார்கள். அந்தப் பிள்ளை கண் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாகஜோதி கருப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தமுறை தள்ளி உட்காரவில்லை. "ஒரு வாய் காப்பித்தண்ணியாச்சும் குடி கருப்பாயி" என்றாள்.

"வயிறு காயலக்கா. வேளா வேளைக்குச் சோறு போட்டீங்க. உள்ளதான் விடல."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட நாகஜோதியால் தாங்கியிருக்க முடியும்.

பவித்ராவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று கமிட்டி கூடியது. "இப்ப தீட்டு இன்னும் நீண்டுபோச்சு. அந்தப் பொம்பளைக்கு அங்கனயே நல்லா ஒரு கொட்டகை போட்டுக் குடுத்துருவோம்" என்றார் ஒருவர். பொன்னுச்சாமி குனிந்த தலை நிமிராமல் இருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த நாகஜோதி கரண்டியைக் கீழே வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய்க் கருப்பாயியின் இரண்டு கைகளையும் பிடித்து எழுப்பி, மண்டபத்துப் படியேற்றிக் கூட்டிவந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அடிவாரத்துப் பெண்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து கருப்பாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கமிட்டி ஆட்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னுச்சாமி கையை நீட்டி அவரைத் தடுத்தார். பிறகு அவரே உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து விரித்தார்.

நாகஜோதி கமிட்டி ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைய காட்டுக்குப் போகச் சொன்னது நான்தான். எந்தச் சாமியும் சொல்லல. அம்புட்டுப் பேருக்கும் எடம் குடுத்தோம், எல்லாரையும் விட அதிகமா எழந்தவள மட்டும் வெளிய நிப்பாட்டுனோம். துக்கத்துல வந்தவளுக்குக் கதவச் சாத்திட்டு வெளிய வைக்கிற சோறு தர்மம் ஆகாதுங்க. தீட்டு சாவுல இல்ல. சாவு வீட்டு ஆள ஒதுக்குற மனசுலதான் இருக்கு."

கருப்பாயி பாயில் உட்கார்ந்து, வழவழப்பான அந்தத் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நாகஜோதியைப் பார்த்தாள்.

"இத நாலு நாளைக்கு முன்னாடி சொல்லிருக்கக் கூடாதாக்கா?"